முன்செல்பவரும் பின்வருபவரும்

(வெள்ளி விழாவை முன்னிட்டு நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் புறப்பட்ட நம் இளைஞர்களுக்கு, வழியனுப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் கழகத்தின் இளைஞர்கள் 14 பேர் மிதிவண்டியில் கன்னியாகுமரி வரை செல்லவிருக்கிறார்கள். வழியிலுள்ள ஊர்களில் தங்கி, நம் பிள்ளைகளைச் சந்தித்து, கல்வியின் இன்றியமையாமையை எடுத்துரைக்கவிருக்கிறார்கள். அவர்களை வாழ்த்தி வழியனுப்ப வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். வாழ்த்துவது எளிது. மாலை அணிவிப்பதும் எளிது. ஆயினும் மாலையோடு இவர்களை அனுப்பிவிட என் மனம் ஒப்பவில்லை. ஒரு கேள்வியை இவர்கள் முன் வைத்து, அதற்கான விடையைக் கையில் கொடுத்து அனுப்ப விரும்புகிறேன். கேள்வி இதுதான்: 14 பேர் புறப்படுகிறீர்கள். 14 பேருடைய கால்களும் ஒரே வலிமை உடையவை அல்ல. அப்படியானால், கடைசியில் வருபவரை என்ன செய்யப்போகிறீர்கள்?

முதலில் காற்றைப் பற்றிச் சில சொற்கள். சமவெளியில் மிதிவண்டி ஓட்டுபவருக்குப் பெரும் பகை சாலையன்று, காற்றே. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். காற்று அடிக்காத நாளிலும் இதுதான் நிலை. எதிர்க்காற்று அடித்தால் சொல்ல வேண்டியதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர்களுக்கு இது தெரியும். முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான், மிதிவண்டிக்காரரின் மார்பில் கை வைத்துப் பின்னுக்குத் தள்ளுகிறது.

ஆனால் இயற்கை ஒரு சலுகையும் தந்திருக்கிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு சென்றால், அவரை ஒட்டிப் பின்வருபவருக்குத் தடை குறைகிறது. பந்தய வீரர்களின் வேகத்தில், பின்வருபவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை சக்தி மிச்சமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் வேகம் அவ்வளவு இராது. ஆதலால் இலாபமும் அவ்வளவு இராது. எனினும் எதிர்க்காற்றில் ஒருவர் முதுகின் நிழல் எத்தகைய ஆறுதல் என்பதை முதல் நாளே உணர்ந்துகொள்வீர்கள்.

அப்படியானால் எப்போதும் ஒருவரே முன்னால் சென்று காற்றை வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா? தோழர்களே, இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பிரான்சு நாட்டில் 1903ஆம் ஆண்டு முதல் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் பெரும் மிதிவண்டிப் பந்தயம் நடந்து வருகிறது. அதைத் தொடங்கி நடத்திய ஆன்றி தெகிராஞ்ச் என்பவர், ஒருவருக்கு இன்னொருவர் உதவுவதையே வெறுத்தார். 1911ஆம் ஆண்டில் மொரீஸ் புரோக்கோ என்ற வீரர், தாம் வெல்லும் வாய்ப்பை இழந்த பின் காசுக்காக வேறொருவருக்குத் துணையாக ஓட்டினார் என்று சினந்து, அவரை 'தொமெஸ்திக்' என்று ஏசினார். அச்சொல்லுக்கு வீட்டு வேலைக்காரன் என்று பொருள். ஏச்சாக எழுந்த அந்தச் சொல்லே பின்னாளில் தலைவனுக்காக உழைக்கும் அணிவீரருக்குரிய பெயராக நிலைத்து, இன்று மதிப்போடும் வழங்குகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1934ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரெனே வியத்தோ என்ற 20 வயது இளைஞர், மலையேற்றத்தில் எல்லோரையும் வியக்க வைத்துக்கொண்டிருந்தார. அவருடைய அணித்தலைவர் அந்தோனன் மாஞ்ஞின் சக்கரம் பிரனீஸ் மலையில் உடைந்தது. வியத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரக் கற்சுவரில் அமர்ந்து அழுதார். அந்தக் காட்சியின் படம் உலகெங்கும் பரவியது. மறுநாளும் தலைவருக்கு இடையூறு நேர்ந்தபோது, வந்த வழியே திரும்பி மலையேறிச் சென்று தம் வண்டியையே கொடுத்தார். அவ்வாண்டு மாஞ் வென்றார். வியத்தோ ஐந்தாம் இடம் பெற்றார். அதன் பின்னும் அப்பந்தயத்தை அவர் ஒருமுறையும் வென்றதில்லை.

இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் தியாகம் என்று புகழ்வார்கள். நானும் மதிக்கிறேன். ஆனால் நம் மக்களிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறவர் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும். பிறர் ஊர்வலம் போக வழி செப்பனிட்டவர்கள் நம் முன்னோர். பிறர் வீட்டுச் சாவுக்குப் பறையடித்தவர்கள், பிறர் வயலுக்கு இரவெல்லாம் நீர் பாய்ச்சியவர்கள் நம் முன்னோர். அவர்கள் முறை ஒருநாளும் வரவில்லை. எனவே துணைநிற்றல் எது, ஏவல் செய்தல் எது என்பதை நாம் பிரித்தறிய வேண்டும். நான் கண்ட அளவுகோல் இது: ஒரு பக்கமாகவே ஓடும் உதவி ஏவல், சுற்றி வரும் உதவி தோழமை. இன்று காலை நீ எனக்காகக் காற்றை வாங்கினால், பிற்பகலில் உனக்காக நான் வாங்குகிறேன். நான் வலுவற்றவனாயின், காற்றை வாங்கும் கடனை வேறு வகையில் தீர்க்கிறேன். வழி கேட்கிறேன், கணக்கு எழுதுகிறேன், இரவில் உன் வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் இடுகிறேன். எவர் முதுகும் எப்போதும் முன்னால் இராது. எவரும் எப்போதும் பின்னாலேயே ஒண்டியிருக்கவும் மாட்டார்.

நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்கொண்ட ஒரு நெடும்பயணத்தை இனி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில் அடிமைமுறை ஒழிந்த பிறகும், கறுப்பின மக்களுக்குப் படையில் தனிப் பிரிவுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 25ஆம் காலாட்படைப் பிரிவு. வீரர்கள் கறுப்பினத்தவர், மேலதிகாரிகள் வெள்ளையர். குதிரைக்குப் பதிலாக மிதிவண்டி பயன்படுமா என்று சோதித்துப் பார்க்க, 1896ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்து மிசௌலா கோட்டையில் இப்பிரிவிலிருந்து ஒரு மிதிவண்டிக் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டு, 1897 ஜூன் 14ஆம் நாள், 20 வீரர்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ், ஒரு மருத்துவர், ஒரு செய்தியாளர் ஆகியோர் அக்கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டனர். தொலைவு 1,900 மைல்; அதாவது 3,000 கிலோமீட்டருக்கும் மேல்.

இன்றைய இலேசான வண்டிகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியும் அதில் கட்டிய மூட்டையுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 27 கிலோ எடை. அதற்கு மேல் துப்பாக்கி. அதற்கு மேல் தோட்டாக்கள். சாலை என்று சொல்லத்தக்க சாலை பெரும்பகுதி இல்லை. மழை பெய்தால் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், சக்கரம் சுழலாது. மண்ணைச் சுரண்டிவிட்டுத் தள்ளுவார்கள். தள்ளவும் முடியாதபோது தூக்கிச் சுமப்பார்கள். வழி இல்லாத இடங்களில் இருப்புப்பாதையின் கட்டைகள் மீதே குலுங்கிக் குலுங்கிச் சென்றார்கள். மலையில் பனி; நெப்ராஸ்கா மணல்வெளியில் கொடிய வெயில். அங்கே உவர்நீரைக் குடித்துப் பலர் நோயுற்றனர். அதிகாரியான மாஸும் அதற்குத் தப்பவில்லை.

இந்தப் பயணம் நிறைவேறியது எதனால்? அக்குழுவில் ஜான் ஃபிண்ட்லி என்ற வீரர் இருந்தார். மிதிவண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அனுபவம் உடையவர். எவருடைய வண்டி பழுதுபட்டாலும் செப்பனிடுவது அவர் பொறுப்பு. எல்லோரும் வியர்வையைத் துடைத்து இளைப்பாறும் வேளையில் அவர் வேலை தொடங்கும். மிங்கோ சாண்டர்ஸ் என்ற முதல் சார்ஜன்ட் இருந்தார். வயது 39, குழுவிலேயே மூத்தவர், ஒரு கண்ணில் பார்வை குன்றியவர். அவரை விட்டுவிட்டு இளையவர்கள் முன்னே ஓடவில்லை. வயதைக் காட்டி அவரும் பின்தங்கவில்லை. 100 மைலுக்கு ஓரிடமாக உணவுப்பொருள் முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தது. இடையில் மழையால் தாமதமானால் அரை வயிற்றோடு செல்ல வேண்டும். அந்த அரை வயிற்றையும் பகிர்ந்துகொண்டுதான் சென்றார்கள். ஜூலை 24ஆம் நாள் செயின்ட் லூயிஸை அடைந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றார்கள். பயணம் செய்த நாள்கள் 34. நாளொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். 1906ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் என்ற ஊரில், இரவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு இதே 25ஆம் பிரிவின் வீரர்கள்மீது பழி சுமத்தப்பட்டது. குற்றம் செய்தவர் யாரென்று எவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்று கூறி, விசாரணை மன்றம் எதுவும் இன்றி, 167 பேரை ஒட்டுமொத்தமாகப் படையிலிருந்து நீக்க அந்நாட்டுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் ஆணையிட்டார். அவர்களுள் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ். 26 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்கு ஓய்வூதியம் இல்லாமற்போயிற்று. 1929ஆம் ஆண்டு அவர் இறந்தார். அந்த ஆணை தவறென்று ஏற்று, படைத்துறை அதனை மாற்றியது 1972ஆம் ஆண்டில். அதாவது 66 ஆண்டுகள் கழித்து. ஒருவர் செய்த பிழைக்கு ஒரு சாதியையே தண்டிப்பதை நாம் அறியாதவர்கள் அல்லோம். ஆகவேதான் சொல்கிறேன்: துணைநிற்பது என்பது சாலை முடியும் இடத்தில் முடிந்துவிடும் கடமை அன்று.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை இம்மேடையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

அது 1974ஆம் ஆண்டு. விடுதி மாணவர்கள் ஆறு பேர், ஒரு மாணவர் மாநாட்டுக்காக மாவட்டத் தலைநகருக்கு வாடகை சைக்கிளில் புறப்பட்டோம். 80 கிலோமீட்டர் இருக்கும். எங்களுள் ஒருவன் உடல் மெலிந்தவன். அவனுக்கு வாய்த்த வண்டியும் கடையிலேயே மிகப் பழையது. நான் அன்று நல்ல கால்வலிமை உடையவன்; முன்னால் பறந்தேன். மாலை மங்கும்போது திரும்பிப் பார்த்தேன், அவனைக் காணவில்லை. "வந்துவிடுவான்" என்று நான்தான் சொன்னேன். மற்றவர்களும் சரி என்றார்கள்.

அவன் வண்டி பஞ்சராகியிருந்தது. காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் என் பையில் இருந்தன. இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, வழி தெரியாமல் ஓர் ஊரின் நடுத்தெருவுக்குள் நுழைந்துவிட்டான். நம்மவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டிய தெரு அது. அவன் இறங்கித்தான் வந்தான்; செருப்பு மட்டும் காலில் இருந்தது. யாருடைய சைக்கிள், எங்கே திருடியது என்று கேட்டு நள்ளிரவு வரை மண்ணில் உட்கார வைத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். விடியற்காலையில் மாநாட்டுப் பந்தலுக்கு நடந்து வந்து சேர்ந்தான். எங்களைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "பம்பு யாரிடமடா இருந்தது?"

மறு ஆண்டு அவன் படிப்பை நிறுத்திவிட்டான். வீட்டு வறுமை காரணம் என்றார்கள்; அதுவும் உண்மையே. அந்த ஓரிரவுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பம்பு என்னிடம் இருந்தது என்பதை இந்த வயதிலும் மறக்க முடியவில்லை.

தோழர்களே, அந்தத் தெருக்கள் எல்லாம் மாறிவிட்டன என்று நினைத்துவிட வேண்டா. பல மாறின, சில மாறவில்லை. எனவே உங்கள் பயணத்துக்குச் சில நெறிகளைச் சொல்கிறேன். இவை அந்த இரவிலிருந்து நான் கற்றவை.

முதலாவது, குழுவின் வேகம் மெதுவாகச் செல்பவரின் வேகமே. அவரைக் கடைசியில் விடாதீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் வையுங்கள். அங்கே அவருக்குக் காற்று குறையும். அவர் மூச்சு வாங்குவது முன்னால் செல்பவரின் காதில் விழும். கடைசி இடம் வலுவும் அனுபவமும் உள்ளவருக்கு உரியது. பம்பும், ஒட்டும் சாமானும், ஊதலும் அவரிடம் இருக்கட்டும். எவரையும் தமக்குப் பின்னால் விட்டுவிட்டு அவர் வரலாகாது.

இரண்டாவது, முன்னால் செல்லும் முறையை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். வலுவுள்ளவர் அதிக நேரம் முன்னால் இருக்கலாம். அதிக வேகம் செல்லக் கூடாது. தம் முறை வந்ததும் திறமையைக் காட்ட விரைபவர், பின்னால் இருக்கும் அனைவரையும் களைப்புறச் செய்கிறார். முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் உரசினால் பெரும்பாலும் விழுபவர் பின்னால் வருபவரே. குழியோ கல்லோ கண்டால் முன்னவர் குரல் கொடுக்க வேண்டும். அக்குரலைக் கடைசி வண்டி வரை ஒவ்வொருவரும் கடத்த வேண்டும்.

மூன்றாவது, உணவும் நீரும். தாகம் எடுக்குமுன் குடியுங்கள். பசி எடுக்குமுன் உண்ணுங்கள். வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. உப்பிட்ட நீர்மோரும், எலுமிச்சைச் சாறும், கடலைமிட்டாயும், வாழைப்பழமும் போதும். பணத்தை ஒரே பையில் போட்டுப் பொதுவில் செலவழியுங்கள். கையில் காசில்லாத தம்பி, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். அச்சொல்லை நம்மில் எத்தனை பேர் விடுதிக் காலத்தில் சொல்லியிருக்கிறோம்!

நான்காவது, முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் அவர் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். குதிகாலைக் கீழ்மிதியில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பல வலிகள் இருக்கை தாழ்ந்திருப்பதால் வருகின்றன. வெயிலில் ஒருவர் தடுமாறினாலோ, தொடர்பில்லாமல் பேசினாலோ, அதைக் களைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, நீரால் உடலைக் குளிர்வித்து, உடனே 108 வண்டியை அழையுங்கள். அன்றைக்குப் பயணம் நின்றால் நிற்கட்டும்.

ஐந்தாவது, பொய்யான ஊக்கம் வேண்டா. 20 கிலோமீட்டர் இருக்கும்போது "இதோ வந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை உங்களை நம்பமாட்டார். உள்ள தொலைவைச் சொல்லி, "சேர்ந்தே போவோம்" என்று சொல்லுங்கள்.

ஆறாவது, பஞ்சர் ஒருவருடைய வண்டியில் ஆனாலும் நிற்பவர்கள் அனைவரும். இருட்டிய பிறகு எவரும் தனியாக இல்லை. இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்பயணத்தில் நம் தங்கைகள் ஐவர் செல்வது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது. மெதுவாக வருபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள் என்று எந்தத் தம்பியும் முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவோடு சேர்ந்து வந்த விடுதலை அது. கற்ற பெண் கல்லாத பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தாள். பின்னால் ஒரு கை பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் முதல் மிதி மிதிக்கிறார்.

நம் கழகம் இந்த 25 ஆண்டுகளில் செய்ததும் அதுவே அன்றோ? பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் இம்மலரில் அச்சாகின்றன, பெருமைதான். ஆனால் எட்டாம் வகுப்பில் நின்றவன், பத்தாம் வகுப்பில் தவறியவள், கட்டணம் கட்ட இயலாமல் செங்கற்சூளைக்குத் திரும்பியவன் ஆகியோர் பெயர்கள் எந்த மலரிலும் இல்லை. அவர்களும் நம்முடன் புறப்பட்டவர்களே. முன்னே வந்துவிட்ட நாம், "வந்துவிடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமா, அல்லது பம்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறோமா? பட்டமும் பதவியும் பெற்ற ஒவ்வொருவரும் தம் பையைத் திறந்து பார்க்க வேண்டும். பின்னால் நிற்கும் ஒருவருக்குத் தேவையானது அதில் இருக்கக்கூடும்.

அருமைத் தம்பிகளே, தங்கைகளே! நீங்கள் எத்தனை நாளில் கன்னியாகுமரி சேர்ந்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஒரு நாள் தாமதமானாலும் கவலை இல்லை. 14 பேர் புறப்பட்டீர்கள். 14 பேரும் ஒன்றாகக் கடலைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன். ஆம் என்று நீங்கள் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

சென்று வாருங்கள்.